சரஸ்வதி பூஜையில் சிக்கிய அரசி

இன்று சரஸ்வதி பூஜை. காலையில் கிரிவலம் முடித்து வீடு திரும்பினால், பாதிவரை படித்து நிறுத்தியிருந்த சரித்திர நாவலைக் காணவில்லை.

தேடினேன். அது பூஜைப் பலகையில், தோத்திர நூல்களின் உச்சியில், சந்தனமும் குங்குமமுமாக வீற்றிருந்தது.

நான் பயின்ற செய்யுள்களில் அரசனின் போர்ப்புண் அணிகலன்போல் ஒளிரும். இந்த நாவலிலோ அது சீழ் பிடிக்கிறது, ஈ மொய்க்கிறது. தன் நாட்டைப் பறித்து, தன்னையும் சிறையெடுத்து மணந்த அவனுக்கு அரசியே மருந்து கட்டுகிறாள். மனமும் மெல்ல இளகுகிறது. ஆயினும் அவள் கையில் இருப்பது விஷம் கலந்த பால். கொடுத்தாளா, கொட்டினாளா? அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

"அத மட்டும் எடுத்துக் குடேன்" என்று மனைவியிடம் கெஞ்சினேன்.

"பூஜையில வெச்ச புக்க மறுநாள் வரைக்கும் தொடக்கூடாதுனு நாப்பது வருஷமா சொல்றது யாருங்க?"

"அது வெறும் கதைப் புத்தகம்மா."

"காவித் துணியில சுத்தி வெச்சிருந்தீங்களே! நான் பதிகம்னு நெனச்சிட்டேன்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வேறு வழியின்றி, அந்த விஷப் பாலுக்கும் சேர்த்து நானே கற்பூரம் காட்டினேன்.

கணினிக்குப் பலகையில் இடமில்லாததால் அது தப்பியது. புத்தகத்தைத் தொடலாகாது என்பதே விதி. இந்த வலைப்பதிவுக்கு வரும் பின்னூட்டத்தை வாசிக்கலாகாது என்று எந்தச் சாத்திரத்திலும் நான் கண்டதில்லை.

ஆகவே, அந்த நாவலைப் படித்த அன்பர்கள் சொல்லுங்கள்: அவன் அந்தப் பாலைக் குடித்தானா?