தாடையில் இடித்த வார்த்தை

புறங்கையைத் தாடைக்குக் கீழே ஒட்டி வையுங்கள். வைத்தாயிற்றா? இப்போது 'ரெஸ்பான்ஸிபிலிட்டி' என்று நிதானமாகச் சொல்லுங்கள். தாடை எத்தனை தடவை கையில் இடித்தது? ஆறு... அந்த வார்த்தையில் ஆறு துண்டுகள் என்று அர்த்தம்.

இதைச் செய்ததற்காகத்தான் ஒரு பெண்ணைப் பரீட்சை ஹாலை விட்டே அனுப்பப் பார்த்தார்கள்!

பிரமோஷன் வேண்டுமானால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணச் சொல்லிவிட்டது என் ஆபீஸ். தலை நரைத்த வயதில் விழுப்புரத்தில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். பக்கத்து மெஷின் வசந்தா. கண்டாச்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஏற்கெனவே ஃபெயில் ஆனவள். இந்தத் தடவையும் போனால் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க வந்துவிடு என்று அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

வரி முடியப்போகிறது என்று மெஷின் மணியடிக்கும். அப்போது பார்த்து நீளமாக ஒரு வார்த்தை வந்து நிற்கும். இஷ்டத்துக்கு வெட்ட முடியாது — உச்சரிப்பு உடைகிற இடத்தில்தான் கோடு போட்டு வெட்டவேண்டும். 'ரெஸ்பான்ஸ்' தலை, 'இபிலிட்டி' வால் என்றெல்லாம் மாஸ்டர் பாடம் நடத்திப் பார்த்தார். எங்களுக்கு ஏறவில்லை. கடைசியில் இந்தத் தாடை வைத்தியம்தான் பலித்தது.

பரீட்சையில் கடிதம் அடிக்கும்போது வந்தது, அதே வார்த்தை. வசந்தாவின் கை தாடைக்குப் போனது. வாய் சத்தமில்லாமல் அசைந்தது. அடுத்த மெஷினிலும் ஒரு கை. அப்புறம் நான்! திண்டிவனத்திலிருந்து வந்திருந்த சூப்பர்வைசர் சும்மா இருப்பாரா? சிக்னல் கொடுத்துக் காப்பியடிக்கிறோம் என்று முடிவு கட்டி, வசந்தாவை எழுந்திருக்கச் சொன்னார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"நீங்களே கைய வெச்சிக்கினு சொல்லிப் பாருங்க சார். இடிக்கிற எடத்துல வெட்டணும், அவ்ளோதான்."

அவர் வைத்தார். சொன்னார். இடித்தது. பிறகு, 'சூப்பரின்டென்டென்ட்' என்று தன் ஆபீஸ் பதவியையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். முகத்தில்தான் என்ன திருப்தி! அவளை உட்கார்ந்து அடிக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார். போன நேரம் போனதுதானே?

போன வாரம் ரிசல்ட். வசந்தா பாஸ்! அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம். அந்த வார்த்தையை எங்கேதான் வெட்டினாய் என்று கேட்டேன்.

"எங்க சார் வெட்றது? டைம் போய்க்கினே இருக்குது. முழுசா அடுத்த லைன்ல தூக்கிப் போட்டுட்டேன்."

ஆறு துண்டையும் அக்கறையாக எண்ணி, அழகாக வெட்டிய நான்? ஃபெயில். தாடையிலிருந்த கை இப்போது கன்னத்தில்!