பின்வாசல் மீன்

றொபிக்கு அந்தப் பள்ளிக்கூட அதிபரின் மூக்கைக் கண்டாலே வயிற்றைக் குமட்டும். மூக்கில் பழுது ஒன்றும் இல்லை. ஆனால் களப்புத் தண்ணீர் தெறித்து நனைந்த சட்டையோடு தீவுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து கேற்றில் வந்து நின்றால் அது சுளித்துக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்து, பின்வாசலில் றொபி நீட்டுகிற மீன் பைக்குள் அதே மூக்கு ஆசையாக இறங்கும். "செதில் எடுத்ததுதானே?" என்று கேட்பார். சீ, இதுவும் ஒரு பிறவி.

றொபி போட் ஓட்டுகிறவன். நாற்பத்திரண்டு வயது. களப்புக்கு நடுவே, உச்சமுனை ஊருக்கும் அங்கால், வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட விழாத சின்னத் தீவில் அவனுக்கு வீடு. அங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வழியில்லை. மேலே படிக்கிற பிள்ளைகளை விடியற்காலையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவதும் பின்னேரம் திருப்பிக் கொண்டுவருவதும் எட்டு வருடமாக அவன் பாடு. இந்த வருடம் ஒன்பது பேர்.

மற்ற மாதங்களில் தொல்லையில்லை. வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் வந்தது வினை. களப்பைக் குறுக்கே வெட்டிப் போக முடியாது. கண்டல் மரங்களின் ஓரமாகச் சுற்றித்தான் போக வேண்டும். முன்னதாக வெளிக்கிடலாம் என்றால் இருட்டில் தண்ணீருக்குள் நட்டிருக்கும் வலைக்கம்புகள் தெரியாது, ஒன்பது பிள்ளைகளையும் கொண்டுபோய்க் கம்பில் ஏற்ற வேண்டியதுதான். ஆகவே புரட்டாதி வரைக்கும் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் பிந்தும். பிந்தினால் கேற் பூட்டியிருக்கும். முதல் பாடம் முடியும்வரை வெய்யிலில் நிற்க வேண்டும். பெயரைக் கொப்பியில் எழுதுவார்கள். ஏன் பிந்தினாய் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வராது.

பிள்ளைகளிலே மூத்தவள் மதுசா. பதினோராம் வகுப்பு. அவளுக்கு முதல் பாடம் கணிதம், அதுவும் கிழமையில் நாலு நாள். வருடக் கடைசியில் சாதாரண தரப் பரீட்சை. கணிதத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தர வகுப்பு இல்லை. தீவுக்குத் திரும்பி, தாயோடு குந்தியிருந்து கருவாடு காயப்போட வேண்டியதுதான்.

இதற்கு றொபி கண்டுபிடித்திருந்த மருந்து இரண்டு. ஒன்று மீன். தீவுச் சனத்துக்கு அது பழகிப்போன சங்கதி; கையெழுத்து வேண்டுமென்றாலும் மீன், கடுதாசி வேண்டுமென்றாலும் மீன். வாய் செய்யாததை மீன் செய்யும் என்று நம்புகிற சனம். அவன் மனைவி மக்தலேனா அதிகாலையில் எழும்பிச் செதில் எடுத்து, "நல்லதெல்லாம் அந்தாளுக்கு, தலை மட்டும் எங்கட சட்டிக்கு" என்று புறுபுறுத்துக்கொண்டே பையைக் கட்டிக் கொடுப்பாள்.

மற்ற மருந்து, இறங்குதுறை தெரிந்ததும் அவன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். "தலையைக் குனியுங்கோ. சொரி சேர் எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் கதைக்காதேங்கோ." ஒன்பது பேரும் செபம் சொல்வதுபோல் அதைத் திருப்பிச் சொல்வார்கள்.

அந்தப் பாடம் அவன் அடிபட்டுப் படித்தது. ஏழாம் வகுப்பில் அதே கேற்றில் அவனும் நின்றிருக்கிறான். காற்று மாறிப்போச்சு சேர் என்று ஒருநாள் வாய் திறந்ததற்குக் காதைப் பிடித்துத் திருகினார்கள். அதற்கு மூன்றாம் கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் துறையிலேயே இருந்துவிட்டான். தகப்பன் அடிக்கவில்லை. "சரி, வலையைத் தூக்கு" என்றார். அவ்வளவோடு படிப்பு முடிந்தது.

ஆனி மாதத்து ஒரு காலை, பின்வாசலில் பையைக் கொடுத்துவிட்டு றஸீனின் தேத்தண்ணிக் கடைக்கு வந்து குந்தினான். கடைக்கு நேரே பள்ளிக்கூடத்து கேற். ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். சின்னன் ஒன்று புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றது.

றஸீன் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. ஒளித்து மறைத்துக் கதைக்கத் தெரியாதவன். "பின்வாசல்ல மீன் வாங்குற மனுசன், முன்வாசல்ல புள்ளைகள வெய்யில்ல நிப்பாட்டி ஈக்கிறார். நீயும் பாத்துட்டுத் தேத்தண்ணி குடிக்கிற. ஒனக்கு வெக்கமா இல்லையா மச்சான்?"

றொபி கோப்பையை வைத்துவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தான். மீன் நாற்றம் பிறந்ததிலிருந்து அவனுக்குப் பழக்கம். அன்றைக்குத்தான் அது அருவருப்பாக இருந்தது.

பின்னேரம் போட்டில் மதுசா தவணைப் பரீட்சைத் தாளை நீட்டினாள். கணிதம், இருபத்திரண்டு. "விட்டதெல்லாம் நான் கேற்றில நிண்ட நாள் படிப்பிச்சது மாமா. நாங்கள் என்னத்துக்குச் சொரி சொல்லுறம்? காத்தை நாங்களோ கிளப்பினது?"

"நாளைக்கு நான் வந்து கதைக்கிறன். கிழிச்சுப்போடுறன் அந்தாளை."

"நீங்கள் வேண்டாம்."

"ஏன்?"

"நீங்கள் சேரைக் கண்டவுடன சிரிப்பீங்கள்."

அறைந்தமாதிரி இருந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. பின்வாசலில் பையை நீட்டும்போது பல்லெல்லாம் தெரிய இளிப்பானே, அந்த இளிப்பை அவள் எத்தனை நாள் பார்த்திருப்பாளோ. தூ, என்று களப்பில் துப்பினான். துப்பியது தன்னைத்தான்.

பிறகு பிள்ளைகள் தாங்களே கூடிக் கதைத்தார்கள். ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எல்லாவற்றையும் எழுதினார்கள்: எத்தனை மணிக்கு வெளிக்கிட்டோம், காற்று எப்படி, எத்தனை மணிக்குத் துறைக்கு வந்தோம். றொபியிடம் நேரம் மட்டும் கேட்டார்கள். சோளகம் முடியும்வரை கணிதத்தை மூன்றாம் பாடத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்று மதுசா எழுதினாள். வெய்யிலில் நிற்க மாட்டோம், மர நிழலில் நிற்கிறோம் என்பதையும் எழுதச் சொல்லிச் சின்னன்கள் அடம்பிடித்தார்கள். அதுவும் ஏறியது.

வாயால் சொல்லிப் பழக வேண்டுமே. அதற்குப் போட்டில் அதிபராக நடித்தது றொபி. எட்டு வருடத்து வெறுப்பும் அதற்கு உதவியது. மூக்கைச் சுளித்து, "என்ன நாத்தம் இது? ஆர் உங்களைக் கதைக்கச் சொன்னது?" என்று அவன் இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மதுசாவுக்கு முதல் நாள் மூன்றாவது சொல்லிலேயே குரல் அடைத்தது. அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க றொபிக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஐந்தாம் நாள் அவள் இஞ்சினையும் மீறிக் கடைசிவரை சொன்னாள்.

வெள்ளிக்கிழமை போட் எட்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கேற் பூட்டியிருந்தது. அன்றைக்கு றொபி மீன் கொண்டுபோகவில்லை. வெறும் கையோடு பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றான். கணித மிஸ்சும் பின்னால் வர, அதிபர் வந்தார். அவருடைய கண் முதலில் றொபியின் கைக்குத்தான் போனது.

"சேர், நாங்கள் சோம்பலில பிந்தேல்லை" என்று மதுசா தொடங்கினாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. கொப்பியை விரித்துக் கம்பிக்குள்ளால் நீட்டினாள். "ரெண்டு கிழமைக் கணக்கு இருக்கு சேர், பாருங்கோ. சோளகம் முடியும்வரைக்கும் கணிதத்தை மூண்டாம் பாடமாக்கித் தாங்கோ. நான் பரீட்சையில பாஸ் பண்ண வேணும்."

அதிபர் கொப்பியைத் தொடவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. தலைக்கு மேலால் றொபியைப் பார்த்தார். "என்ன றொபி, மீனைக் காணேல்லை. பதிலுக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தனியோ?"

றொபியின் தலை தன்பாட்டில் குனிந்தது. வாய் தன்பாட்டில் இளித்தது. சொரி சேர் என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

மதுசா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதிபரைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா எங்களுக்குச் சொல்லித் தந்தது சொரி சொல்ல மட்டும்தான் சேர். இது நாங்களா எழுதினது. எங்களோட கதையுங்கோ."

கேற்றுக்கு உள்ளே நின்ற கணித மிஸ் கையை நீட்டிக் கொப்பியை வாங்கினார். மிஸ் பக்கத்தைப் புரட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகு அதிபருக்கும் படிக்காமல் இருக்க முடியவில்லை. பூட்டைத் திறக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை கணிதம் மூன்றாம் பாடமாயிற்று. காலைக் கூட்டத்தில் அதிபர் மேடையில் ஏறி, தீவுப் பிள்ளைகளின் கஷ்டத்தைத் தான் நெடுநாளாக யோசித்து இந்த ஒழுங்கைச் செய்ததாகச் சொன்னாராம். பிள்ளைகள் வந்து சொல்லக் கேட்ட றொபி இன்னொரு தரம் துப்பினான்.

றஸீனுக்கோ புளுகம் தாங்கவில்லை, முகமெல்லாம் சிரிப்பு. சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். "பெரிய வேல செஞ்சிட்ட மச்சான். ஒன்னாலதான் புள்ளைகள் வாயத் தொறந்துது."

"என்னாலயோ?" றொபி கோப்பையைத் தள்ளி வைத்தான். "எட்டு வருசமா அதுகளின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது ஆரெண்டு நினைக்கிறாய்?"

தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பித் துறைக்குப் போனான்.