ஸமத் மச்சானின் ஊஞ்சல்

என் வீட்டுப் பக்கச் சுவரில் நான்கு ஆணிகள் இருக்கின்றன. ஒன்றுகூட நான் அடித்ததில்லை. எல்லாம் பக்கத்து வீட்டு ஸமத் மச்சானின் கைவேலை. என் ராத்தா, மூத்த சகோதரி நூருன்னிஸாவின் மாப்பிள்ளை அவர். முதலாவது ஆணி, குருவிகள் தண்ணீர் குடிக்கச் சிரட்டை தொங்கவிட. இரண்டாவது, வெயிலை மறைக்க உடுத்துக் கிழிந்த பழைய சாரத்தைத் தைத்துக் கட்டிய பந்தலுக்கு. மூன்றாவது எதற்கென்று அவருக்கே ஞாபகமில்லை. நான்காவது, மூன்றாவது கோணலாகப் போய்விட்டதால் அடித்தது. நான் தையல் மெசினில் உட்கார்ந்து ஒரு சட்டைக் கை பொருத்தும் நேரம் பார்த்துத்தான் அவர் சுத்தியலைத் தூக்குவார். இருபது வருடமாக இதற்காக நான் அவரோடு சண்டை பிடித்து வந்திருக்கிறேன்.

மச்சானுக்கு மாத்தளை அலுவிகாரையில் பெரிய வீதி ஓரமாக ஒரு மிளகுக் கடை. இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் சாக்கோடு வந்து இறங்குபவர்களிடம் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி கொழும்புக்கு அனுப்புவார். ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் வைத்து உருட்டினால் போதும், இன்னும் எத்தனை வெயில் காய வேண்டும் என்று சொல்லிவிடுவார். மார்ச், ஏப்ரல் வந்தால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நாட்களில் மதியம் ளுஹர் தொழுதுவிட்டு நேரே வீட்டுக்கு வருவார். வந்த மனிதர் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டால் எனக்கும் நல்லது, சுவருக்கும் நல்லது. ஆனால் அவர் கை சும்மா இருக்காது.

பழைய வாளியின் அடியில் ஆணியால் துளை போட்டு ஜம்பு மரத்தில் தொங்கவிட்டார். அதன்கீழ் நின்றால் மழை மாதிரி குளிக்கலாம். கமுகம் பாளையை வெட்டி விசிறி செய்தார். கறுவாப் பட்டை உரித்த பிறகு மிஞ்சும் குச்சிகளில் பட்டம் கட்டினார். தேசிக்காயில் கராம்பு குத்தி யன்னலில் வைத்தார், நுளம்பு வராதாம். நுளம்பு வந்தது, ஆனால் வீடு வாசமாக இருந்தது. அன்னாசிச் சாற்றில் உப்பும் மிளகும் போட்டு, சின்னப் பைகளில் கட்டி உறையவைத்து அவர் செய்யும் ஐஸ் பக்கட்டுக்காக அவருடைய மகள் ஜெஸ்லாவின் கூட்டாளிகள் பாடசாலை லீவு விட்டதும் வரிசையாக வந்துவிடுவார்கள். பதினேழு வயதுப் பிள்ளைகள், டவுனில் கடைகடையாக ஐஸ்கிரீம் இருக்க, இந்த மனிதரின் குளிர்சாதனப் பெட்டியைத் தேடி வருவார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், நானும் போவேன். சண்டை வேறு, ஐஸ் பக்கட் வேறு.

ராத்தாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. எங்கள் வாப்பாவும் மிளகு வியாபாரிதான். கடையில் மூடை கட்டுவது ராத்தாவின் வேலை. அவள் முடிச்சுப் போட்ட சாக்கு லொறியிலிருந்து விழுந்தாலும் வாய் திறக்காது. மச்சான் இளந்தாரியாக எங்கள் கடைக்கு மிளகு வாங்க வந்த நாளில் ஒரு சாக்கின் வாயை அவிழ்க்கப் பார்த்திருக்கிறார். நகம் உடைந்தது, முடிச்சு அசையவில்லை. கடைசியில் கத்தி கேட்டு வாங்கி அறுத்தார். அறுத்துவிட்டு, இதைக் கட்டியது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வி எட்டு மாதத்தில் கலியாணத்தில் முடிந்தது.

போன வருடம் நோன்புப் பெருநாளுக்கு மச்சான் ஊஞ்சல் கட்டினார். வீட்டு வளவின் மூலையில் ஒரு முள்முருக்கு மரம். மிளகுக் கொடி ஏறுவதற்காக நட்டது. கொடி அடர்ந்து ஏறி, மரம் இரண்டு ஆள் சேர்த்துப் பிடிக்கும் பருமனில் பச்சைப் பசேலென்று நின்றது. அதன் கிளையில்தான் கட்டினார். பெருநாள் பின்னேரம் புதுச் சாரி உடுத்தி, கையில் வட்டிலப்ப இனிப்புக் கோப்பையோடு ராத்தா முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். இரண்டு ஆட்டம் நன்றாகப் போனது. மூன்றாவதில் கிளை முறிந்தது. ராத்தா ஒரு பக்கம், கோப்பை ஒரு பக்கம், வட்டிலப்பம் என்னுடைய புதுச் சட்டையில்.

பிறகு பார்த்தால், கொடிக்குள்ளே மரம் எப்போதோ செத்துப்போயிருக்கிறது. கையால் தொட்டால் மாவாகக் கொட்டியது. கொடிதான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. இருபத்தைந்து வருடம் மிளகிலேயே பிழைக்கிற மனிதர் கொடியின் செழிப்பைப் பார்த்தார், மரத்தைப் பார்க்கவில்லை. மாத்தளையில் வேறு தொழில் செய்கிற யாரும் அந்தக் கிளையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருப்பார்கள்.

ராத்தாவுக்குக் கணுக்காலில் முறிவு. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பிளாஸ்டர். ஆஸ்பத்திரிக்குப் போகும் த்ரீவீலரில் வலி தாங்காமல் அவள் சொன்னாள்:

"இனிமே நீங்க ஊட்டுல ஒரு ஆணி அடிக்கப்படாது. ஒரு கயிறு கட்டப்படாது. சொல்லிட்டேன்."

வலியில் மனிதர் எதைத்தான் சொல்ல மாட்டார்கள். எனக்கு முதல் பிள்ளை கிடைக்கும்போது நான் சொன்னதெல்லாம் நடந்திருந்தால் இன்றைக்கு ஊரில் பாதிப்பேர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் மச்சான் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் சுத்தியல், வாள், தும்புக் கயிறு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, கடையின் பின்னறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

முதல் கிழமை நான் சந்தோஷமாக இருந்தேன். சத்தமில்லாமல் ஒன்பது சட்டை தைத்தேன். இரண்டாவது கிழமை ஏதோ ஒன்று குறைவது போல இருந்தது. மச்சான் ளுஹருக்குப் பிறகு வருவார், ராத்தாவுக்குச் சோறு போட்டுக் கொடுப்பார், கதிரையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார். குருவிச் சிரட்டை காய்ந்து கிடந்தது. வாளியின் கைப்பிடி கழன்று தொங்கியது. ஒருநாள் உடுப்புக் காயப்போடும் கொடி அறுந்துபோனது. அதைக் கட்ட இந்த மனிதர் கூலி கொடுத்து வெளியிலிருந்து ஒரு பாஸைக் கூப்பிட்டார். கொடி கட்ட ஒரு மேசன் பாஸ். அவரும் வந்து, விளங்காமல் மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே ராத்தா அவரைக் கூப்பிட்டு, அது கோபத்தில் சொன்னது, மறந்துவிடுங்கள், வழமை போல எதையாவது செய்யுங்கள் என்று கெஞ்சினாள். நானும் பக்கத்தில் இருந்தேன். மச்சான் தன் இரண்டு கையையும் பார்த்தார்.

"நீ சொன்னதுக்காக இல்ல நூரு. எனக்கே இந்தக் கையில நம்பிக்க இல்ல. ஒன்ட கால் போனது போதும். விட்டுடு."

அவர் வெளியே போன பிறகு, பிளாஸ்டருக்குள் அரித்ததோ என்னவோ, ராத்தா தென்னை ஈர்க்கை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"கால் தானா ஒட்டிரும் அம்றா. இவர் ஒட்ட மாட்டார் போல இரிக்கி. எனக்கு என்ட பழைய மனுஷன் வேணும்."

மறுநாளிலிருந்து ராத்தா தொடங்கினாள். கோணலாக ஒன்றைக் கண்டால் மச்சானால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்பது அவள் கணக்கு. கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட ஆடுகிற காலுக்குக் கடதாசி மடித்து வைக்கிற ஆள் அவர். ஆகவே கண்கொண்டு பார்க்க முடியாத சாமான்களாகச் செய்து அவர் கண்முன் வைப்பது. அதற்குச் சாமான் தேடிக் கொடுப்பது என் வேலை, மூச்சு விடாமல் இருப்பது ஜெஸ்லாவின் வேலை.

முதலில் பாளை விசிறி. காம்பு ஒரு பக்கம், விசிறி ஒரு பக்கம் பார்த்தது. வீசினால் காற்று அடுத்த கதிரையில் இருப்பவருக்குப் போனது. மச்சான் அதைப் பார்த்தார், அவருடைய வலது கைப் பெருவிரல் ஒரு தடவை துடித்தது, அவ்வளவுதான். அடுத்தது ஐஸ் பக்கட். வாயைத் தளர்த்திக் கட்டியதால் இரவோடிரவாக ஒழுகி, குளிர்சாதனப் பெட்டிக்குள் இறைச்சியும் அன்னாசியும் ஒரே கட்டியாக உறைந்துவிட்டன. மச்சான் சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்தார். பிறகு சாதிக்காய் ஓடுகளைக் கோத்து ஒரு தொங்கல். அதைச் சமையலறைக் கதவில் சரியாக அவருடைய நெற்றி உயரத்தில் மாட்டினோம். மனிதர் ஒரு கிழமை நெற்றியில் அடி வாங்கினார். அதன்பிறகு குனிந்து போகப் பழகிக்கொண்டார். எங்களுக்குத் தெரியாமலாவது ஒரு நூலை இழுத்துக் கட்டுவார் என்று பார்த்தால், இல்லை. லீவு முடிந்து ஜெஸ்லாவும் பாடசாலைக்குப் போய்விட்டாள். எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. நான் ராத்தாவைத் திட்டினேன். அவள் வளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் பிளாஸ்டரைக் கழற்றினார்கள். பொல்லை ஊன்றி நடக்கச் சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமை மச்சான் ஜும்ஆவுக்குப் போனதும் ராத்தா என்னைக் கூப்பிட்டாள். கையில் புதுத் தும்புக் கயிறும் ஒரு பலகையும் இருந்தன. கிணற்றடியில் நிற்கும் பலா மரத்துக் கிளைக்கு மேலால் கயிற்றை எறியச் சொன்னாள். எறிந்தேன். தொங்கிய இரண்டு நுனியையும் அவளே பலகையில் கட்டினாள். கட்டியதைப் பார்த்தேன். அது முடிச்சே இல்லை. சும்மா ஒரு சுற்றுச் சுற்றி விட்டிருந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் கால் அல்ல, இடுப்புப் போகும் என்று நான் கத்தினேன். அவர் வரும் நேரம்தான் என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அன்றைக்கென்று பார்த்து மச்சான் பள்ளிவாசலில் யாருடனோ கதைத்து நின்றுவிட்டார். பத்து நிமிடம் ராத்தா பொல்லோடு வெயிலில் நின்றாள். நான் பின்னால் நின்று, விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் ஓதி முடித்தேன். வாசல் படலைச் சத்தம் கேட்டதும் அவள் பொல்லைப் போட்டுவிட்டு, நல்ல காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பலகையில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள்.

மச்சான் வந்தார். ஊஞ்சலைப் பார்த்தார். பிறகு பலகையில் இருந்த முடிச்சைப் பார்த்தார். கையிலிருந்த தொழுகைப் பாய் விழுந்தது.

"எந்திரி நூரு. எந்திரி."

இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஓடி வந்து அவளைத் தூக்கி நிறுத்தினார். முட்டுக்கால் போட்டு உட்கார்ந்து கயிற்று நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பு, முழுவதும் கையோடு வந்துவிட்டது. கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், ராத்தாவைப் பார்த்தார்.

"இது நீ கட்டினதா?"

ராத்தா தலையை ஆட்டினாள்.

"ஒன்ட முடிச்ச அவுக்க நான் அண்டக்கி கத்தி கேட்டேன். இது சும்மா வருது."

"வரணும்னுதான் கட்டினேன்" என்றாள் ராத்தா. "விசிறியும் அப்படித்தான். ஐஸ் பக்கட்டும் அப்படித்தான். நீங்க எதையுமே தொடல்ல. வேற என்ன செய்ய? நீங்க கட்டினதுலதான் நான் ஒக்காருவேன். இல்லாட்டி ஒக்காரவே மாட்டேன்."

மச்சான் நெற்றியைத் தடவினார். சாதிக்காய்த் தொங்கல் பட்ட இடத்தில் வடு இன்னும் இருந்தது. பிறகு எழுந்து போய்ப் பலா மரத்தின் அடியைத் தட்டிப் பார்த்தார். ஏணி வைத்து ஏறிக் கிளையைத் தட்டிப் பார்த்தார், ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை. இறங்கி வந்து ஒரு பக்கக் கயிற்றை எடுத்துப் பலகையில் சுற்றிக் கட்டினார். ஒரு தடவை அவிழ்த்து, மறுபடியும் இறுக்கி இழுத்துப் பார்த்தார். கட்டி முடித்து, மறுபக்க நுனியை ராத்தாவிடம் நீட்டினார்.

"இந்தப் பக்கத்த நீ கட்டு. ஒழுங்காக் கட்டு."

ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டினாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பில் கறி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, சுபஹ் தொழுது அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது, டொக் டொக்கென்று என் பக்கச் சுவரில் சத்தம். ஐந்தாவது ஆணி. ஏசுவதற்காக எழும்பிப் போய் யன்னலைத் திறந்தேன். மச்சான் வாயில் இரண்டு ஆணியைக் கடித்துக்கொண்டு சுத்தியலோடு நின்றார். ராத்தா ஊஞ்சலில் இருந்தபடி, இன்னும் கொஞ்சம் மேலே என்று இடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் யன்னலை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.