முந்நூற்று நாலாம் வீட்டுக் குளியலறைக் கதவு

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் தங்கிப் படித்த பிள்ளைகள் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. சாவியக்கா என்றால்தான் தெரியும். வாசலை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பதும், போகிறவர்களிடம் வாங்கிக்கொள்வதும் பதினாறு வருடமாக அவள் வேலை. வீட்டுக்கு நாலு அறை, அறைக்கு ஒருத்தர். கூடம், சமையலறை, குளியலறை மூன்றும் நாலு பேருக்கும் பொது. குடிவரும் நாளில் சுவரில் எத்தனை ஆணி, எந்தக் குழாய் ஒழுகுகிறது, மெத்தையில் கறை உண்டா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவாள். காலி செய்யும் நாளில் அதே தாளோடு அறை அறையாகப் போவாள்.

அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் பார்த்ததையெல்லாம் எழுதவும் மாட்டாள். ஆணி ஓட்டையைப் பற்பசையால் அடைத்து வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. பக்கத்தில் போய் மோந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சுவர் நல்லா பல்லு விளக்கியிருக்கு" என்பாள். அதோடு சரி. ஓட்டை தாளில் ஏறாது.

போன வருடம் கட்டடம் கை மாறியது. புதிதாக வந்த மேலாளர் முப்பதைத் தாண்டாத இளைஞர், எப்போதும் சட்டைப்பையில் அளவு டேப்போடு திரிபவர். கறையின் நீளம், கீறலின் நீளம் என்று எல்லாவற்றையும் அளந்து எழுதுவார். பிள்ளைகள் அவருக்கு டேப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மேலிடத்திலிருந்து மாதாமாதம் அவர் கழுத்தைப் பிடித்தார்கள். அவர் மற்றவர்கள் கழுத்தைப் பிடித்தார்.

அந்த வருடம் முந்நூற்று நாலில் நாலு பெண்கள் இருந்தார்கள். மருந்தியல் படித்தவளை எல்லோரும் டாக்டரம்மா என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். எடுத்ததற்கெல்லாம் வெடிக்கிறவள் பட்டாசு. இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகம். மூன்றாமவள் இருக்கிற இடம் தெரியாமல் நடப்பாள், அதனால் பூனை. நாலாமவள் வாரத்தில் பாதி நாள் தன் சித்தி வீட்டிலேயே இருந்ததால் பட்டப்பெயர் வைக்கக்கூட யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

வருட நடுவில் விட்ட விடுமுறையில் பூனையைத் தவிர மற்ற மூவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். ஒரு முற்பகலில் இருநூற்று நாலில் இருந்த பையன் வந்து, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்றான். சாவியக்கா மேலே ஓடினாள். தட்டினாள், பதில் இல்லை. தன் சாவியால் வாசலைத் திறந்து உள்ளே போனபோது, குளியலறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. "பொண்ணே! பொண்ணே!" என்று கத்திப் பார்த்தாள். பிறகு நடையில் மாட்டியிருந்த தீயணைப்புக் குடுவையைக் கழற்றிக்கொண்டு வந்து, தாழ்ப்பாள் இருக்கும் இடம் பார்த்து இடித்தாள். மூன்றாவது இடியில் சட்டம் பிளந்தது.

பூனை ஈரத்தரையில் சுருண்டு கிடந்தாள். மூச்சு இருந்தது. சாவியக்கா குழாயை மூடிவிட்டு அவளைத் தூக்கினாள். பஞ்சு மூட்டையைத் தூக்குகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான் எடை. நாலு நாளாக எதுவும் சாப்பிடவில்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாடகை வண்டியில் திரும்பி வரும்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். தேர்வில் நாலு தாளில் தோற்றிருந்தாள். ஒரு வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அப்பா இருந்த மனையில் பாதியை விற்றுத்தான் படிக்க வைக்கிறார். வீட்டில் எல்லோரும் இந்த வருடம் பட்டத்தோடு வருவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வீட்டுக்குத் தெரிஞ்சா நான் இருக்க மாட்டேன்க்கா."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சாவியக்கா கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. "சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ சாப்பிடு, போதும்" என்றாள்.

கதவை அவள் கணவர் ஒட்டினார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், முட்டி போய் வீட்டோடு இருக்கிறவர். கட்டடத்தின் பின்பக்கம், துணி துவைக்கும் அறையை அடுத்து அவர்களுக்குக் கொடுத்திருந்த ஒன்றரை அறையிலிருந்து பசையும் திருகாணியும் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி மூன்று மாடி ஏறினார். ஒட்டி, விரிசலில் மக்கு அடைத்துத் தேய்த்து, வர்ணம் பூசிவிட்டு, "இனிமே இந்தக் கதவுக்கே தெரியாது, தான் உடைஞ்சோம்னு" என்றார். மேலாளரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் உடைத்தாய் என்று கேட்பார்.

காலி செய்யும் வாரத்தில் முந்நூற்று நாலுக்கு டேப்பு தானே கூட வந்தார். குளியலறைக் கதவைச் சாத்திப் பார்த்தவர், கொஞ்சம் அழுத்தித் தள்ளினார். ஈரத்தில் ஊறிய மரம். திருகாணிகள் சோற்றிலிருந்து முடி வருகிற மாதிரி கழன்று வந்தன.

"இது என்னம்மா?"

சாவியக்கா குனிந்து, விழுந்த திருகாணி ஒன்றை எடுத்தாள்.

"எழுதுங்க. கதவும் சட்டமும் உடைஞ்சிருக்கு. காரணம் தெரியல" என்றார் டேப்பு.

அவள் எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டாள். பதினாறு வருடத்தில் தெரிந்தே பொய் எழுதியது அதுதான் முதல் தடவை.

பத்து நாளில் நாலு பேருக்கும் கடிதம் போயிற்று. புதுக் கதவு, புதுச் சட்டம், சட்டம் மாற்றப் பெயர்த்த தரை ஓடுகள், கூடத்துக் கம்பளத்து மைக்கறை, ஆள் கூலி, மேற்பார்வைக் கட்டணம் என்று எல்லாம் சேர்த்து, பொது இடம் என்பதால் நாலாக வகுத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியின் முன்பணமும் அதில் கரைந்ததோடு இன்னும் கொஞ்சம் கட்டவும் சொல்லியிருந்தது. கடைசியில் ஒரு வரி: உடைத்தவர் யாரென்று தெரிந்தால் முழுத்தொகையும் அவரிடமே வசூலிக்கப்படும், மற்றவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும்.

அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. மறுவாரமே பட்டாசு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, நான் கதவ உடைச்சேனாம். மூணு பேரும் எழுதிக் குடுத்திருக்காங்க. பாருங்க, படிங்க இத."

சாவியக்கா வாங்கிப் பார்த்தாள். 'கோபம் வந்தால் கதவுகளை அறைந்து சாத்தும் வழக்கம் உள்ளவர்' என்று இருந்தது. டாக்டரம்மாவின் கையெழுத்து, நாலாமவளின் கையெழுத்து. அவற்றுக்குக் கீழே, சின்னதாக, பூனையின் கையெழுத்து.

"ஒரே தட்டுல சாப்பிட்டவக்கா அவ" என்றாள் பட்டாசு. குரல் உடைந்தது. "கோவம் வரும், கதவ அறைவேன், இல்லேங்கல. ஆனா உடைக்கலக்கா. 'பாக்கி இல்லை'ன்னு இவங்க எழுதிக் குடுத்தாத்தான் காலேஜ்ல சான்றிதழ் குடுப்பாங்க. அது இல்லாம வேலைல சேர முடியாது. எத்தனை நாள் எனக்காகக் காத்திருப்பாங்க?"

சாவியக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார். சொன்னாள்.

"சொல்லப் போறியா?"

"தெரியலங்க."

"சொன்னா வேலை போகும். வேலை போனா இந்த ஒன்றரை ரூமும் போகும். என் முட்டிய வச்சுக்கிட்டு எங்க போறது?" முட்டியைத் தடவிக்கொண்டே, "ஒட்டினது நானு. என் பேரையும் சேத்துக்க. புருசன் பொண்டாட்டிய ஒண்ணாவே துரத்தட்டும்" என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

சாவியக்கா பூனைக்குப் போன் செய்தாள்.

"நீயுமா கையெழுத்துப் போட்ட?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஏன் பொண்ணே?"

"எல்லாரும் போட்டாங்கக்கா. நான் மட்டும் போடலேன்னா ஏன்னு கேப்பாங்க."

"அவ வேலை போகப் போகுது, தெரியுமா?"

"நீங்க சத்தியம் பண்ணீங்க."

"உன் பேரு என் வாயில வராது. கதவ நான் உடைச்சேன்னு மட்டும் சொல்லிடறேன்."

"எதுக்கு உடைச்சீங்கன்னு கேப்பாங்கல்ல?" என்றாள் பூனை. அதோடு இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. நான் இருக்க மாட்டேன் என்று வண்டிக்குள் சொன்ன குரல் சாவியக்காவின் காதில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருத்தியைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தியைக் குழியில் தள்ளினோம். இப்போது இவளைத் தூக்கப் போனால் அவள் விழுவாளோ? யாரிடம் போய்க் கேட்பது இதை?

பட்டாசு கல்லூரியின் குறைதீர்ப்புக் குழுவுக்கு மனு கொடுத்திருந்தாள். கடிதம் வந்து ஏழாவது வாரம் விசாரணை வைத்தார்கள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் வயதான ஒரு பேராசிரியை. இந்தப் பக்கம் டேப்பு, பட்டாசு, டாக்டரம்மா. மற்ற இரண்டு பெண்களும் வரவில்லை. தாளில் கையெழுத்து இருந்ததால் சாவியக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இது நீங்க எழுதினதுதானே?" என்று பேராசிரியை தாளைக் காட்டினார்.

"ஆமாம்மா. ஆனா எழுதினது பொய். கதவ உடைச்சது நான்."

டேப்பு நாற்காலியில் நிமிர்ந்தார். "என்ன சொல்றீங்க? எப்போ?"

"லீவுல, சார். கீழ் வீட்டுக்குத் தண்ணி ஒழுகுச்சு. கதவு திறக்கல. தீயணைப்புக் குடுவைய எடுத்து இடிச்சேன். அப்புறம் ஒட்டி வச்சோம்."

"உள்ள யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல, சார்."

"யாரும் இல்லேன்னா உள்தாழ்ப்பாள யார் போட்டது?"

இந்தக் கேள்விக்கு அவள் பதில் யோசித்து வைக்கவில்லை. ஏழு வாரம் என்னென்னவோ யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. முந்தானை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மாவின் முகம் மெல்ல மாறியது. "லீவுல அங்க இருந்தது..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா" என்றாள் சாவியக்கா. அவ்வளவு சத்தமாக அவள் அந்தப் பிள்ளைகளிடம் பேசியதே இல்லை.

பேராசிரியை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டேப்பிடம் திரும்பி, "உடைச்சது மாணவிகளா இல்லையான்னு பாக்கத்தான் இந்தக் கூட்டம். அது தெரிஞ்சுபோச்சு. மேல கேள்வி வேணாம்" என்றார்.

கதவுக்கான தொகை நாலு பேருக்கும் தள்ளுபடி ஆயிற்று. பட்டாசுக்கு அன்றே 'பாக்கி இல்லை' எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கூடத்துக் கம்பளத்தில் மை கொட்டிய கறை நிஜமாகவே பெண்கள் செய்தது என்பதால் அந்தப் பணம் மட்டும் போனது போனதுதான்.

வெளியே படிக்கட்டில் டாக்டரம்மா, "ஏய், நான் வேணும்னு எழுதலடி" என்று பட்டாசின் கையைப் பிடித்தாள். பட்டாசு கையை உருவிக்கொண்டாள். "உன் பங்கு வந்துடுச்சுல்ல? போ." பிறகு சாவியக்காவிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று சாவியக்கா நினைத்தாள்.

"முதல் நாளே உங்களுக்குத் தெரியும், இல்லக்கா? நான் அழுதேன். நீங்க தண்ணி குடுத்தீங்க."

பட்டாசு படி இறங்கிப் போய்விட்டாள். வேலையில் சேர்ந்தாளா, தாமதம் என்று திருப்பி அனுப்பினார்களா என்பது சாவியக்காவுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

டேப்பு அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பொய்ப் பதிவுக்காகச் சாவியும் தாளும் அவளிடமிருந்து போயின. துணி துவைக்கும் அறைக்கு மாற்றினார்கள். கதவின் விலையைச் சம்பளத்தில் மாதம் கொஞ்சமாகப் பிடிப்பதாக ஏற்பாடு. ஒன்றரை அறை தப்பியது. உத்தரவைக் கொடுத்தபோது டேப்பு அவள் முகத்தைப் பார்க்காமல், "முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சொல்லியிருக்கலாமோ என்னவோ. அவளுக்கே தெரியவில்லை.

புது வருடம் தொடங்கிய வாரத்தில் ஈரத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தவள், ஜன்னல் வழியே பூனை ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குப் போவதைப் பார்த்தாள். துணியைப் போட்டது போட்டபடி வெளியே ஓடினாள். பூனை நின்றாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. அதைத்தான் சாவியக்கா முதலில் பார்த்தாள்.

"வீட்டுக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. டாக்டரம்மா அவங்க அம்மாகிட்ட சொல்லி, அவங்க எங்கம்மாகிட்ட சொல்லிட்டாங்க."

"அப்பா என்ன சொன்னார்?"

"ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் தட்ட வச்சுட்டு, சாப்பிடுன்னார்." பூனை பெட்டியின் பிடியை மாற்றிப் பிடித்தாள். "திரும்பப் படிக்கச் சொல்லிட்டார். மீதி மனையயும் வித்துட்டார்."

"நல்லதுதானே, பொண்ணே."

"நல்லதுதான். ஆனாலும் நீங்க சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

நான் உன் பெயரைச் சொல்லவே இல்லை என்று சாவியக்காவுக்குத் தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. பூனை பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். அவள் எந்த வாசலில் நுழைகிறாள், எந்த மாடியில் விளக்குப் போடுகிறாள் என்று பார்த்துவைத்துக்கொண்டு சாவியக்கா அங்கேயே நின்றாள். இரண்டாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அவள் விட்டுவந்த அறைக்குள் துவைக்கும் இயந்திரம் சுழன்று முடித்து, எடுக்க ஆளில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.