மருந்துக் கம்பியோடு நடந்தவர்

எனக்குக் கீமோ ஏற்றும் நாட்களில் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரியவரும் வருவார். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைச் சட்டை, உதிர்ந்த புருவம். மருந்து தொங்கும் கம்பியைத் தள்ளியபடி தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருப்பார்.

"களைப்பா இல்லையா அங்கிள்?"

"களைப்புதான்லா. படுத்தா இன்னும் கூடுதும்மா, அதான் நடக்கிறேன்."

என் டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் மாமியார் என்னைப் பிள்ளை பெற்றவளைப் போலப் படுக்க வைத்திருக்கிறார். படுத்துப் படுத்தே இப்போது இரண்டு வயது மகளைத் தூக்கக்கூட என்னால் முடியவில்லை.

"வீட்ல படுக்கச் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்வாங்க. சொல்றவங்களையும் கூட்டிக்கிட்டு நடப்பேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் செருப்பை மாட்டினேன். "வாங்க அத்தை, கேட் வரைக்கும் நடப்போம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"படுத்துக்கம்மா" என்றார் மாமியார், அன்பாக.

படுத்துவிட்டேன். அந்தப் பெரியவருக்கு மட்டும் வீட்டில் அப்படிச் சொல்ல எப்படி வாய் வந்தது?