பாத்திமா மேரி வீட்டு ஸ்டார்

கடலூர் முதுநகரில் எங்கள் தெருக் கத்தோலிக்கர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே வாசலில் ஸ்டார் விளக்கு ஏறிவிடும். சாவு விழுந்த வீட்டில் மட்டும் அந்த வருடம் கட்டமாட்டார்கள். எந்தச் சாமியாரும் போட்ட சட்டமில்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை, பாத்திமா மேரியைத் தவிர.

இட்லி சுட்டு விற்றே ஒற்றை மகன் லூர்து பிரகாஷைப் படிக்கவைத்துக் கப்பல் வேலைக்கு அனுப்பியவள் அவள். அவனுக்குக் கல்யாணமான ஆறாம் மாதம், நடுக்கடலில் தவறி விழுந்துவிட்டான் என்று சேதி வந்தது. உடல் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே ஸ்டார் கட்டினாள். அடுத்த வருடமும் கட்டினாள். தெருவின் வாய் சும்மா இருக்குமா? "புள்ளைய வாரிக் குடுத்துட்டு வெளக்கு ஒரு கேடா?" என்று காதுபடவே பேசினார்கள்.

"எம்புள்ள செத்தத நீங்க பாத்தீங்களா? வர்றவனுக்கு ஊடு தெரிய வேணாமா?" என்பாள்.

பூசையில் ஃபாதர், காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பிரசங்கம் வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பவளுக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்? பாலன் இயேசுவாவது கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வந்துவிடுகிறார்.

கூடவே இன்னொருத்தியும் காத்திருந்தாள், மருமகள் நித்யா மேரி. மெடிக்கல் ஷாப்பில் வேலை. தாலியைக் கழற்றவில்லை. போன மாதம் சிதம்பரத்திலிருந்து, மனைவியை இழந்த ஒரு வாத்தியார் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். நல்ல மனிதர்தான். "எங்க அத்த ஸ்டார் கட்டுற வரைக்கும் நான் அவரு பொண்டாட்டிதான்," என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுப்படியில் நின்ற பாத்திமா மேரியின் காதில் அது விழுந்தது.

இந்த வருடம் முதல் ஞாயிறு. பொழுது சாய்ந்து எல்லா வாசலிலும் வெளிச்சம், அந்த வாசலில் மட்டும் இருட்டு. வழக்கம்போல் என் வீட்டு ஏணியைக் கொண்டுபோனேன். நித்யா பரணிலிருந்து ஸ்டாரை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்த, கட்டலியா? நேரமாவுது."

பாத்திமா மேரி மாவுக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"சாவு ஊட்ல யாராவது ஸ்டார் கட்டுவாங்களாடி?"

நித்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேதி வந்த அன்று கேட்காத ஒப்பாரி அன்றைக்குத்தான் அந்த வீட்டிலிருந்து கேட்டது. தெருவே வாசலுக்கு வந்து நின்றது.

அழுது ஓய்ந்தபின் பாத்திமா மேரி ஸ்டாரை எடுத்து மருமகள் மடியில் வைத்தாள்.

"இத சிதம்பரத்துக்கு எடுத்துக்கினு போ. அடுத்த வருசம் உன் ஊட்ல கட்டு."

நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். என் வீட்டு ஸ்டாரைப் பார்க்கவே மனசு வரவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டேன்.