மாங்காய் காணாமல் போன வியாழக்கிழமை

போன வாரம் ஒரு பட்டுப்புடவை என் மானத்தை வாங்கப் பார்த்தது. காரணம் யார் என்று கேட்டால்... டிவி!

'கவர்மென்ட் டிவி தரமா, கேபிள் டிவி தரமா, ஒரே வரியில் சொல்லுங்கள்' என்று வாசகர்களில் சிலர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வரியில் எதையும் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் எங்கள் ஆரணியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஏகாம்பரம் என்று ஒரு நெசவாளர். அவர் வீட்டு ஹாலில் பாதி தறிக்கே போய்விட்டது. மீதியை மனைவி கஸ்தூரியும் ராட்டையும் ஒரு கலர் டிவியும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டிவி இருப்பது தறியில் உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால். தறியில் உட்கார்ந்தால் காதுக்கு மட்டும்தான் டிவி, கண்ணுக்குச் சுவர். வேலை கெடக்கூடாது என்று ஏகாம்பரமே செய்துகொண்ட ஏற்பாடு இது.

"கவர்மென்ட் டிவி ஓடினா ஒரு முழம் கூட நெய்யலாம் சார்" என்பார். "கத்திரிக்காய்ல புழு வந்தா இன்னா பண்றதுன்னு ஒருத்தர் கேட்டுகினே இருப்பாரு, இன்னொருத்தர் சொல்லிகினே இருப்பாரு. நம்ம கை பாட்டுக்கு ஓடும். கேபிள்ல அப்டியா? எவளாவது ஒருத்தி அழுதுகினே கீறா. ஒரே பேஜாருங்க."

நியாயம்தான். கவர்மென்ட் டிவி நாடகத்தில் ஒருவர் ஆபீசிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, குடையை மாட்டி, காபி கேட்பதற்குள் நாம் குளித்துவிட்டே வந்துவிடலாம். நடுநடுவே தடங்கலுக்கு மன்னிப்பு வேறு கேட்பார்கள். கேபிளில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. ஒரே ஓர் அறை விழும்... அதை வலப்பக்கம், இடப்பக்கம், மேலேயிருந்து என்று திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். பட்டப்பகலில், வீட்டுக்குள்ளேயே, இடி இடிக்கும்! அறை வாங்கியவள் கன்னத்தில் கை வைப்பதற்குள் 'தொடரும்' போட்டுவிடுவார்கள்.

இவ்வளவு குறை சொல்கிற ஏகாம்பரம், சீரியல் நேரத்தில் சும்மா இருப்பாரா?

"யாரு யார அடிச்சா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்பார்.

"நாத்தனாருதான்" என்பார் கஸ்தூரி, ராட்டையைச் சுற்றிக்கொண்டே.

"அவளா? நான் அப்பவே நெனச்சேன்!"

தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழை கோத்துப் பறக்கும். கண் கஸ்தூரியுடையது, காது ஏகாம்பரத்துடையது என்று வருஷக்கணக்காக இப்படித்தான் குடித்தனம் நடக்கிறது.

இந்த ஏகாம்பரத்திடம்தான் என் அண்ணன் மகளின் முகூர்த்தப் புடவை தறியில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிற புடவை. 'நம்ம தெரு ஆளு, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்' என்று சிபாரிசு செய்தது நான். சம்பந்தியம்மாவுக்கு வந்தவாசி. பத்திரிகையில் குறை, மண்டபத்தில் குறை, சமையல்காரரின் மீசையில்கூடக் குறை கண்டுபிடித்தவர். அண்ணி ஏற்கெனவே ஆடிப்போயிருந்தார்.

"இந்தம்மாகிட்ட எம்பொண்ணு எப்டி தம்பி குப்ப கொட்டப் போறா?" என்று என்னிடம் புலம்பிக்கொண்டே இருந்தார். எனக்கும் அதே பயம்தான். புடவையிலும் ஏதாவது நொட்டை என்றால், அந்தப் பேச்சு பேரப்பிள்ளை பிறந்த பிறகும் ஓயாது.

புடவை தறியிலிருந்து இறங்கியதும் சம்பந்தியம்மா வந்தவாசி பஸ்ஸில் வந்து இறங்கினார். அண்ணியும் நானும் பக்கத்தில் நிற்க, ஏகாம்பரம் வீட்டுப் பாயில் புடவையை விரித்தார். அரக்கு நிறம், உடல் முழுக்க ஜரிகை மாங்காய். கண்ணைப் பறித்தது. சம்பந்தியம்மாவின் விரல் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டே போய்... நின்றது.

"இங்க மாங்கா எங்கங்க?"

ஒரு வரிசையையே காணோம்! வெறும் அரக்குதான் இருந்தது.

"டிசைன் எடுக்கற ஜக்கார்ட் பெட்டி சிக்கிகிச்சிங்க..." என்று இழுத்தார் ஏகாம்பரம்.

கஸ்தூரி விடுவாரா? "பெட்டி மேல ஏன் பழி போடற? வியாழக்கெழம நான் மாவு மில்லுக்குப் போயிருந்தேன். கத சொல்ல ஆளில்ல. திரும்பி டிவி பாத்துகினே தறி ஓட்டியிருக்கற!"

வெறும் துணியைக் கை தானாகவே நெய்துவிடும். மாங்காய்க்குக் கண் வேண்டும். அந்தக் கண்தான் அன்று வேறு வீட்டுச் சண்டையில் இருந்திருக்கிறது.

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தியம்மா புடவையைக் கீழே வைத்தார்.

"வியாழக்கெழமையா? சீரியல்ல மாலதிய வூட்ட வுட்டுத் தொரத்தினாங்களே, அன்னிக்கா?"

"ஆமாங்க." ஏகாம்பரத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எங்க ஊர்ல அப்பப் பாத்து கரன்ட் பூட்ச்சி! யாரக் கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஜல்தியா சொல்லுங்க, கதவ சாத்தினது மாமியாரா, நாத்தனாரா?"

ஏகாம்பரம் நிமிர்ந்தார். எழுந்தார். இல்லாத கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாமியார்தாங்க! கைக்கொழந்தையோட நிக்கறா, மழ கொட்டுது... டமால்னு சாத்திட்டா! நம்மளால தாங்க முடியலங்க."

சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவி! நம்பிப் பொண்ணு குடுத்தவங்க வயிறு எப்டி எரியும்? அவ நல்லா இருப்பாளா?"

பிறகு புடவையை அவரே மடித்தார். "இது கொசுவத்துல பூடும். யாரு பாக்கப் போறா?" என்று சொல்லி, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அண்ணி பொலபொலவென்று அழுதுவிட்டார். எனக்கு அந்த நிமிஷம் அந்தச் சீரியலை எடுத்தவர் காலில் விழலாம் போலிருந்தது.

தரமா? கவர்மென்ட் டிவியைக் கேட்டு நெய்தால் ஓர் இழை தப்பாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாமியாரின் வாயால் இன்னொரு மாமியாரைத் திட்ட வைக்க அதனால் முடியுமா?

இனி என் வேண்டுதல் ஒன்றுதான். அண்ணன் மகள் வாழப்போகிற வீட்டில் கேபிள் மட்டும் அறுந்துவிடக் கூடாது!